முத்துப் பாரில் இறங்கிய கண்கள்

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் உச்சிவேளையில் நடந்து, பனிமய அன்னையின் பேராலயத்திற்குள் நுழையும் எவருக்கும் ஏற்படும் அனுபவம் ஒன்று உண்டு. வாசற்படியைக் கடந்ததும் நம் முன்னே எல்லாம் கறுத்துவிடுகிறது. பீடம் எங்கே, இருக்கைகள் எங்கே, முழந்தாளிட்டிருப்பவர் எவர் என ஒன்றும் புலப்படுவதில்லை. கையால் தடவி ஓர் இருக்கையைப் பற்றிக்கொண்டு நிற்கிறோம். சற்று நேரத்தில் தூண்கள் தெரிகின்றன; பின்னர் பீடமும், அதன் மேல் அன்னையின் உருவமும் மெல்ல மெல்லத் துலங்குகின்றன. ஞானோபதேசம் படிக்க வந்த சிறுவயதில், இந்தச் சில நொடிகளைப் பொறுக்காமல் ஓடி, முன்னால் கிடந்த பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொள்ளாதவர் நம்மில் சிலரே இருப்பர்.

அந்த வாசலில் நிற்கையில் நம் மனம் கடல் பக்கம் திரும்புவது இயல்பு. ஆலயத்திற்கு எதிரே கிடப்பது முத்துக் கடல். நம் முன்னோர் இதே உச்சி வெயிலில் தோணியின் விளிம்பிலிருந்து கல்லைப் பற்றிக்கொண்டு பாய்ந்து, பத்துப் பன்னிரண்டு பாகத்துக்குக் கீழே பாரின் மேல் நின்று, சிப்பியைப் பறித்துக்கொண்டு மேலேறினர். அவர்கள் நீருக்கடியில் தங்கியது ஒரு நிமிடம். அதற்குச் சற்றுக் கூடுதல் அல்லது குறைவு. நான்கைந்து நிமிடம் தங்கினர் என்று வியந்து எழுதிவைத்த வெள்ளையரும் உண்டு. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் அப்படி எழுதவில்லை. ஆலய வாசலில் நம் கண் தெளிவதற்கே ஒரு நிமிடம் போதவில்லை. அவ்வாறெனில், ஒரே நிமிடத்தில் இறங்கி ஏறியவர்கள் அந்த இருண்ட ஆழத்தில் எதைப் பார்த்திருக்க முடியும்? கண்ணை மூடிக்கொண்டு கையால் துழாவியே முத்தெடுத்தனர் என்றுதான் நாமும் வெகுகாலம் எண்ணியிருந்தோம். அது பிழை என்று இப்போது உணர்கிறோம். அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் கண்ணின் செய்தியைக் காண்போம். ஒளி மிகும்போது கண்பாவை சுருங்குகிறது; குறையும்போது விரிகிறது. இதைக் கண்ணாடி முன் நின்று எவரும் பார்க்கலாம். ஆனால், இந்தச் சுருக்கமும் விரிவும் செய்யும் உதவி சிறிதே. கண்பாவையின் குறுக்களவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்கும் 8 மில்லிமீட்டருக்கும் இடையே மாறுகிறது. அதாவது, உள்ளே செல்லும் ஒளியை அதிகமாகப் போனால் 16 மடங்கு கூட்டவோ குறைக்கவோ அதனால் முடியும். உலகிலுள்ள ஒளியோ பதினாறு மடங்கில் அடங்குவதன்று. நம் கடற்கரையின் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ்; முழுநிலவின் ஒளி ஒரு லக்ஸில் கால் பங்கு. இவ்விரண்டுக்கும் இடையே நான்கு இலட்சம் மடங்கு வேறுபாடு இருந்தும், இரண்டிலும் நாம் வழி தவறாமல் நடக்கிறோம்.

இந்தப் பெரும் வேலையைச் செய்வது விழித்திரை. அதில் இருவகை அணுக்கள் உள்ளன. கூம்பணுக்கள் ஏறத்தாழ 60 இலட்சம். அவை பகலுக்கும் நிறத்துக்கும் உரியவை. கோலணுக்கள் ஏறத்தாழ 12 கோடி. அவை இரவுக்குரியவை, நிறம் அறியாதவை. கோலணுக்களில் செவ்வூதா நிறமான ஒரு பொருள் இருக்கிறது. 1876-இல் பிரான்ஸ் போல் என்னும் ஜெர்மானிய அறிஞர் தவளையின் விழித்திரையில் அந்நிறத்தைக் கண்டார். வெளிச்சம் பட்டதும் அது அவர் கண்முன்னேயே வெளுத்துப்போவதையும் கண்டார். ரோடாப்சின் என்று அதற்குப் பெயர். வெயிலில் நிற்கையில் அது வெளுத்துவிடுகிறது. இருளுக்குள் வந்தபின் மீண்டும் மெல்ல ஊறுகிறது. வெறும் கிணற்றில் நீர் ஊறுவது போலத்தான், அவசரப்படுத்த முடியாது. கூம்பணுக்கள் விரைவில் தேறிவிடும்: முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி, எட்டுப் பத்து நிமிடங்களில் முழுமை. கோலணுக்கள் தம் முழு ஆற்றலையும் அடைய அரை மணி நேரம், சிலருக்கு நாற்பது நிமிடம்கூட ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதம். முதியவர்களைக் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துச் செல்வது மரியாதைக்காக மட்டுமன்று. மாறாக, இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வருவது எளிது. ஒரு நொடி கூசுகிறது. ஓரிரு நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடுகிறது.

இனி, சலாபத்துக்கு வருவோம்.

கொற்கையின் முத்தைக் கிரேக்க மாலுமியின் குறிப்பேடான 'பெரிப்ளூஸ்' கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டிலேயே பேசுகிறது. பாண்டிய நாட்டுக்குரிய கொல்கியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக் குளிக்கின்றனர் என்பது அதன் செய்தி. அன்று துறைமுகமாயிருந்த கொற்கையை விட்டுக் கடல் இன்று விலகிப் போய்விட்டது. ஆனால், பார்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இக்கடலுக்குத் துணை நின்றதும், 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பரதவர் திருமுழுக்குப் பெற்றதும், 1542-இல் தூய சவேரியார் இக்கரையில் வந்திறங்கியதும் நம் வாசகர் நன்கறிந்த வரலாறு. 1658-இல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கொடி மாறியபோதெல்லாம் முத்தில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கும் மாறியது. ஆங்கிலேயர் காலத்தில், குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போயிற்று. மூச்சை அடக்கியவனுக்கும் அவன் தோணிக்கும் எஞ்சியது ஒரு பங்கு. இந்தக் கணக்குகளெல்லாம் கச்சேரிப் பேரேடுகளில் விரிவாகக் கிடைக்கின்றன. குளித்தவனின் கண்ணைப் பற்றி அப்பேரேடுகள் எழுத வேண்டிய தேவை எழவில்லை.

ஆனாலும், ஒரு செய்தியை எல்லாரும் எழுதியிருக்கின்றனர்: நேரத்தை. 1803-இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட இராபர்ட் பெர்சிவல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், மன்னார் வளைகுடாவின் அக்கரையில் நடந்த சலாபத்தை விவரிக்கிறார். இரவு பத்து மணி அளவில் அரிப்புத் துறையில் பீரங்கி ஒலிக்கிறது. நிலக்காற்றைப் பாயில் வாங்கிக்கொண்டு படகுகள் ஒன்றாகப் புறப்படுகின்றன. விடியுமுன் பாரை அடைகின்றன. கதிரவன் எழுந்ததும் குளிப்புத் தொடங்குகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்போது குளிப்பு நிறுத்தப்பட்டு, அதே காற்றில் படகுகள் கரை திரும்புகின்றன. அக்கரைச் சலாபத்துக்கு நம் கரையிலிருந்தும் குளிப்போர் சென்றனர். கீழக்கரை முஸ்லிம் மக்களும் அவ்வாறே சென்றனர். தூத்துக்குடிப் பார்களில் குளிப்பு நடந்தபோதும் முறை ஏறக்குறைய இதுதான். காலம் பங்குனி, சித்திரை. கடல் அமைந்து, நீர் தெளிந்து கிடக்கும் நாட்கள்.

இந்த ஒழுங்கைக் காற்றுக்காக ஏற்பட்டதென்றே பலரும் எழுதுவர். அது மெய்தான், பாய்மரத் தோணிக்குக் காற்றே எசமான். ஆயினும், இரவு முழுவதும் பயணம் செய்து பாரின் மேல் வந்து நின்றவர்கள், கீழே சிப்பி கிடக்கிறது என்று அறிந்தும், கதிரவனுக்காகக் காத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு துழாவுபவனுக்கு விடியலும் நள்ளிரவும் ஒன்றே அன்றோ! அவன் காத்திருக்க வேண்டியதில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இன்னொரு செய்தியைத் தருகிறார். குளிப்போரைப் பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரம் சொல்லிக் கட்டுவதற்கென்று சிலர் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களுக்குப் பிடிப்பில் இருபதில் ஒரு பங்கு கூலி. அந்தக் கட்டு பகலுக்கு மட்டுமே. மாலையானதும் அவர்களே மந்திரத்தை அவிழ்த்துவிடுவர். இரவில் மீன்கள் தம் விருப்பப்படி திரியும். 'கடல்கட்டி' என்று நம் மக்கள் அழைத்தது இவர்களைத்தான். இந்த வழக்கம் மறைய வெகுகாலம் ஆயிற்று. 1859-இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டென்னென்ட், அப்போது கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவராயிருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்றும், அதனால் மக்களின் நம்பிக்கை குன்றவில்லை என்றும் சற்றே நகைச்சுவையோடு குறிப்பிடுகிறார்! சுறாவைக் கட்டும் மந்திரத்தை நாம் இங்கே விசாரணை செய்ய வரவில்லை. ஆனால், மாலையில் மந்திரத்தை அவிழ்த்துவிடும் அந்த ஏற்பாட்டினால் விளைந்தது என்ன? இரவில் எவனும் திருட்டுத்தனமாகக் குளிக்கத் துணியமாட்டான். பாருக்குப் பூட்டுப் போட முடியாத அரசனுக்கு அது பூட்டாயிற்று. குளிப்பவனுக்கோ, கண்ணுக்கு ஒளியில்லாத நேரத்தில் இறங்காதே என்ற எச்சரிக்கையாயிற்று. கட்டியவர்கள் இவ்விரண்டையும் எண்ணித்தான் கட்டினர் என்று நாம் சாதிக்கவில்லை. பலன் இதுவாயிருந்தது என்ற அளவில் நிற்கிறோம்.

இப்போது நம் பிழையின் வேருக்கு வந்துவிட்டோம். கடலடி இருண்டது என்று நாம் கொண்டிருந்த எண்ணம் சரிதானா?

நீர் ஒளியை விழுங்குகிறது என்பது உண்மை. ஆனால், எவ்வளவு? தூத்துக்குடிக்கு அப்பால் தொலாயிரம் பார் முதலிய முத்துப் பார்கள் பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து இருபது, இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. நீர் தெளிந்த பங்குனி நாளில், கதிரவன் மேலே நிற்கையில், பதினைந்து மீட்டர் ஆழத்துக்கு மேற்பரப்பு ஒளியில் பத்தில் ஒரு பங்கு போய்ச் சேரக்கூடும். மேலே இலட்சம் லக்ஸ் எனில், பாரின் மேல் பத்தாயிரம் லக்ஸ். மேகம் மூடிய பகலில் வீட்டு முற்றத்தில் கிடைக்கும் வெளிச்சம் இது. நீர் கலங்கியிருந்து நூறில் ஒரு பங்கே இறங்கினாலும் ஆயிரம் லக்ஸ் இருக்கும். நம் ஆலயத்தினுள்ளேயோ, நண்பகலில் சன்னல்கள் வழியே வரும் வெளிச்சம் சில பத்து லக்ஸிலிருந்து நூறு லக்ஸ் வரை இருந்தால் அதிகம்.

ஆம், நண்பகலில் முத்துப் பார் நம் ஆலயத்தை விட வெளிச்சமானது!

இதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்தபோது நமக்கே நம்பிக்கை வரவில்லை. ஆயினும், கணக்கு எளியது. ஆலய வாசலில் கண் ஆயிரம் மடங்கு, இரண்டாயிரம் மடங்கு ஒளிக்குறைவை ஒரே எட்டில் தாண்ட வேண்டியிருக்கிறது. கல்லோடு இறங்கியவன் கடந்ததோ பத்து மடங்கு, அதிகமானால் நூறு மடங்கு. பத்து மடங்கைக் கண்பாவையின் விரிவே ஈடுசெய்துவிடும். எஞ்சியதைக் கூம்பணுக்கள் பார்த்துக்கொள்ளும். இரவுக்குரிய கோலணுக்கள் ஊறிவரும்வரை அவன் காத்திருக்க வேண்டிய தேவையே எழவில்லை. இரண்டு குளிப்புக்கு நடுவில் தோணியின் மேல் வெயிலில் அமர்ந்து இளைப்பாறினான். அந்த வெயில் கோலணுக்களை மீண்டும் மீண்டும் வெளுக்கச் செய்தது. அதனாலும் அவனுக்கு இழப்பில்லை. அவன் வேலை முழுவதும் பகற்கண்ணின் எல்லைக்குள்ளேயே நடந்தது. கதிரவன் சாய்ந்திருக்கும்போது ஒளியின் ஒரு பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து மேலேயே போய்விடுகிறது. இறங்குவதும் சாய்வாகப் பாய்ந்து நெடுந்தொலைவு நீரைக் கடக்கிறது. ஆகவேதான் காலையில் ஏறும் வெயில் வேண்டியிருந்தது. கடற்காற்று எழுந்து, அலை உடைந்து, நீர் கலங்கும் முன் கரை திரும்பினர். நம் முன்னோர் லக்ஸ் என்ற சொல்லை அறியார். ஆனால், கண்ணுக்கு உகந்த அந்த ஆறு மணி நேரத்தைத் தப்பாமல் பொறுக்கி எடுத்திருக்கின்றனர்.

அப்படியானால், குளித்தவனுக்கு இடர் எதுவுமில்லையா? உண்டு. அது இருளன்று, மங்கல்.

நம் கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போன்ற படலம் ஒன்று வளைந்து நிற்கிறது. காற்றிலிருந்து வரும் ஒளியை மடக்கிக் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையை அதுவே செய்கிறது. எஞ்சிய ஒரு பங்குதான் உள்ளிருக்கும் விழிவில்லையின் வேலை. நீருக்குள் கண்ணைத் திறந்தால் அந்தப் படலத்தின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே தன்மையான நீர்மமாகிவிடுகிறது. எனவே, ஒளி மடங்காமல் நேரே போய்விடுகிறது. கிணற்றிலோ கடலிலோ மூழ்கிக் கண் திறந்து பார்த்த எவரும் அறிவர்: வெளிச்சம் இருக்கிறது, உருவம் இல்லை, எல்லாம் கரைந்து ஓடிய சித்திரம் போலிருக்கிறது. அதோடு நிறமும் திரிகிறது. நீர் முதலில் விழுங்குவது செந்நிறத்தை. பத்து மீட்டருக்குக் கீழே சிவப்பு ஏறக்குறைய இல்லை. பாறையில் கீறிய கையிலிருந்து கசியும் குருதி அங்கே பச்சையும் கறுப்புமாகத் தோன்றும். சிப்பியின் உட்புறத்து ஒளிர்வும் அவனுக்கு உதவாது. மூடிய சிப்பியின் மேல் பாசியும் கடற்பூண்டும் படர்ந்து, அது பாறையோடு பாறையாகக் கிடக்கிறது. நாரைப் போன்ற இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு கொத்துக் கொத்தாய் இருக்கும் அவற்றை, அந்த மங்கலில் பிரித்தறிந்து, பறித்து, வலைப்பையில் நிரப்பிக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே நிற்பவன் இழுத்துக்கொள்வான். இவ்வளவும் ஒரு மூச்சில்.

இங்கேதான் நம்மை வியப்பில் ஆழ்த்தும் ஆய்வு ஒன்று துணைக்கு வருகிறது. தாய்லாந்தின் மேற்குக் கடலில் சுரின் தீவுகளில் மோக்கென் என்னும் கடலோடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் கண்ணாடி ஏதும் அணியாமல் மூழ்கிக் கடலடியிலிருந்து சிப்பியும் சிறு உயிர்களும் பொறுக்குவர். சுவீடன் நாட்டு ஆய்வாளரான அன்னா கிஸ்லேன் என்பவரும் அவருடைய துணைவரும் அப்பிள்ளைகளின் பார்வையைச் சோதித்து, முடிவுகளை 2003-இல் வெளியிட்டனர். நீருக்குள் அவர்களின் பார்வைக் கூர்மை ஐரோப்பியப் பிள்ளைகளுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. காரணம் எளியதும் விந்தையானதும் ஆகும். ஒளி குறைந்த இடத்தில் கண்பாவை விரிய வேண்டும் என்பது உடலின் விதி. மோக்கென் பிள்ளைகளின் கண்பாவையோ நீருக்குள் போனதும் சுருங்கிற்று. 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் கீழே போயிற்று. சிறு துளை வழியே பார்த்தால் மங்கிய உருவமும் கூர்மை பெறும். ஊசித்துளைப் படக்கருவி செய்து விளையாடிய மாணவர் இதை அறிவர். அதோடு விழிவில்லையையும் முடிந்த மட்டும் குவித்தனர். வெளிச்சத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, தெளிவை வாங்கிக்கொண்டனர்.

இது பிறவிப் பேறா, பழக்கமா? பின்னர் சுவீடன் நாட்டுப் பிள்ளைகளுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது அவர்களுக்கும் அது கைவந்தது. ஆகவே, பழக்கம்தான். சிறுவயதில் கடலில் இறங்கும் எந்தப் பிள்ளைக்கும் உடலே கற்றுக்கொடுக்கக்கூடிய வித்தை அது. ஆனால், விழிவில்லை இளகியிருக்கும் வயதுவரைதான். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து விழும்போது அந்தக் குவிப்பு கண்ணைவிட்டுப் போய்விடுகிறது. தவழ்ந்து முடித்ததும் அலையில் விளையாடத் தொடங்கி, தகப்பன் தோணியிலேயே வளர்ந்து, இருபது வயதுக்குள் பாரில் இறங்கிய பரதவ இளைஞனுக்கு இந்தப் பயிற்சி யாரும் கொடுக்காமலே கிடைத்திருக்கும் என்று கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. 1889, 1890 ஆண்டுகளில் தூத்துக்குடிச் சலாபத்தைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளவுகோல் வைத்து அளந்ததில் புகழ்பெற்றவர். மூக்கின் அகலத்துக்குப் பதிலாகக் கண்பாவையின் அகலத்தை அளந்திருந்தால், மோக்கென் பிள்ளைகளின் செய்தியை நாம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் கடற்கரையில் கேட்டிருக்கக்கூடும்.

குளிப்பில் இருளுக்கு இடமில்லை என்றோம். ஆனால், சலாபத்தின் பயணத்தில் இருள் உண்டு. நள்ளிரவில் பாரை நோக்கி ஓடும் தோணியில் தண்டலுக்கு வேண்டியது கோலணுக்களின் பார்வை. இதில் ஒரு நுட்பம் உள்ளது. விழித்திரையின் நடுமையத்தில் கோலணுக்கள் இல்லை, கூம்பணுக்கள் மட்டுமே. ஆதலால், மங்கிய விண்மீனை நேராக உற்று நோக்கினால் அது மறைந்துவிடும். சற்றே ஒதுக்கிப் பார்த்தால் மீண்டும் தோன்றும். ஐயமுள்ளோர் இன்றிரவே மொட்டைமாடியில் சோதித்துப் பார்க்கலாம். இன்று நம் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பல்களிலும், இரவில் கப்பலைச் செலுத்தும் மேடையில் வெள்ளை விளக்கை ஏற்றமாட்டார்கள். வரைபட மேசையின் மேல் மங்கிய சிவப்பு விளக்கே எரியும். செந்நிறம் கோலணுக்களை அவ்வளவாகத் தீண்டாது. அருகில் ஒருவர் தீக்குச்சியைக் கிழித்தாலும் போதும், அரைமணி நேரமாக ஊறிய இருட்பார்வை வீணாகிவிடும்.

இருளில் பார்க்க முடியாதவரின் துயரம் நம் ஊர்களுக்குப் புதிதன்று. 'மாலைக்கண்' என்று தமிழ் அதற்கு எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறது! ரோடாப்சின் ஊறுவதற்கு வைட்டமின் 'ஏ' வேண்டும். விழித்திரையில் அந்தச் சத்து இருப்பதை 1933-இல் ஜார்ஜ் வால்டு கண்டறிந்தார். 1967-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். சத்துக் குறைந்தால் முதலில் மாலைப் பார்வை போகும். கவனியாது விட்டால் குழந்தையின் கண்ணே போய்விடும். நம் நாட்டில் 1970-இல்தான் குழந்தைகளுக்கு அந்தச் சத்தைச் சொட்டு மருந்தாகக் கொடுக்கும் திட்டம் தொடங்கிற்று. அந்தச் சத்து மிகுந்து கிடப்பது மீனின் ஈரலில். கரைக்கு வரும் மீனை விற்றுவிட்டுக் கஞ்சிக்கு உப்பைத் தொட்டுக்கொண்ட வீடுகளில் பிள்ளைகள் மாலையில் தடுமாறினர் என்றால், அது கடலின் குற்றமாகாது. திருவிவிலியத்தில் தோபித்தின் கண்ணில் படர்ந்த வெண்படலத்தை மகன் தோபியா மீனின் பித்தத்தைத் தடவி நீக்கியதைப் படிக்கும்போதெல்லாம், மீனையும் கண்ணையும் சேர்த்து நினைத்த பழைய மருத்துவம் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது என எண்ணிக்கொள்கிறோம். தோபித்தின் நோய் வேறு, மாலைக்கண் வேறு, அதை மறக்கவில்லை.

ஒளிக்குறைவைப் பற்றியே பேசிவிட்டோம். ஒளிமிகுதியும் இக்கரையில் உண்டு. தூத்துக்குடியைச் சுற்றிலும் உப்பளங்கள். மேலிருந்து விழும் வெயில் போதாதென்று, வெண்ணிற உப்பிலிருந்தும் தேங்கிய உப்புநீரிலிருந்தும் வெயில் திரும்பி வந்து கண்ணில் பாய்கிறது. பனிநாடுகளில் பனிவெளியில் நடப்போருக்கு வரும் கண்கூச்சமும் எரிச்சலும் இதற்கு உடன்பிறப்பு. பனியே விழாத ஊரில் பனிமய அன்னைக்குப் பேராலயம் எழுந்திருப்பதை வெளியூர் அன்பர்கள் வியப்பர். ஊர் எல்லையில் குவிந்திருக்கும் உப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவ்வளவாக வியக்கமாட்டார்கள். உப்பளத் தொழிலாளர் பலர் விடியலுக்கு வெகுநேரம் முன்பே, கைவிளக்கோடு பாத்திக்குள் இறங்கிவிடுகின்றனர். வெயில் ஏறும்முன் வாரி முடித்துவிட வேண்டும். அவர்களுடைய கண் ஒவ்வொரு நாளும் முழு இருளிலிருந்து முழு வெளிச்சத்துக்கு வருகிறது. கண் அதற்குப் பழகிக்கொள்கிறது என்பது மெய். பழகிக்கொள்ளும் கண்ணுக்குத் தேய்மானம் இல்லை என்பது மெய்யன்று. ஆண்டுக்கணக்கில் வெயிலும் உப்புக்காற்றும் பட்ட கண்ணில் வெண்படலத்தின் மேல் சதை வளர்வதையும், புரை விரைந்து விழுவதையும் கண் மருத்துவர்கள் அறிவர். முத்துக் குளித்தவருக்கு ஒரு பருவம் ஒன்றிரண்டு மாதம். பாரில் சிப்பி இல்லாத ஆண்டுகளில் அதுவும் இல்லை. உப்பு வாருபவருக்கோ மழை தொடங்கும்வரை ஓய்வில்லை.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை சென்னை அரசு நடத்திய குளிப்புகளே கடைசிச் சலாபமாக அமைந்தன. அதன்பின் பார்களில் சிப்பி பெருகவில்லை. ஏறத்தாழ அக்காலத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் முதுகில் காற்றுக்குழலும் முகத்தில் கண்ணாடியுமாக இதே பார்களில் இறங்கி, சிப்பியையும் பவளத்தையும் நிதானமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டனர். 1973-இல் வேப்பலோடையில் முத்தை வளர்த்தெடுக்கும் முறையும் கைகூடியது. அதற்குக் கடலில் மூச்சடக்கிப் பாய வேண்டியதில்லை.

சங்கு குளிப்பவர்கள் இன்றும் இக்கடலில் இறங்குகின்றனர். அவர்கள் முகத்தில் கண்ணாடி இருக்கிறது. கண்ணுக்கும் நீருக்கும் நடுவே இரண்டு விரற்கடைக் காற்றை அது நிறுத்திவைக்கிறது. அந்தக் காற்று போதும், கண்ணின் முன்படலம் தன் பழைய வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். பாரின் மேல் கிடக்கும் சங்கு விளிம்போடு தெரியும். கண்பாவையைச் சுருக்கிப் பார்க்கும் வித்தை அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. கண்ணாடி கழன்றுவிட்டால், ஆலய வாசலில் நிற்கும் நம்மைப்போல் அவர்களும் கையால் தடவித்தான் ஆக வேண்டும்.